பிளந்தால்தான் சேரும்
(கல்லூரி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல் ‘ஸ்ப்ளைஸ்’. இலக்கண வகுப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம். உங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிள் அறுந்தால் தோளில் பையை மாட்டிக்கொண்டு வருகிற தம்பி, “ஸ்ப்ளைஸ் பண்ணணும் சார், அரை மணி நேரம் ஆகும்” என்பார். கிரிக்கெட் வர்ணனையாளர், பந்து மட்டையின் ஸ்ப்ளைஸில் பட்டு எகிறியது என்பார். படச்சுருள் காலத்து எடிட்டிங் உதவியாளர்களிடம் கேட்டால் இதே சொல். உயிரியல் துறை மாணவர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘இணைத்தல்’ என்று சுருக்கமாக முடித்துவிடும்.

இணைப்பதற்கு ஆங்கிலத்தில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. ‘ஜாயின்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரில் இரண்டு மாட்டை ஒன்றாகப் பூட்டும் நுகத்தடி இருக்கிறது. சமஸ்கிருதத்தின் ‘யோகம்’ அதே வேரில் கிளைத்த சொல். ‘சால்டர்’ என்பது திடமாக்குவது. ‘வெல்ட்’ கொதிப்பதைக் குறித்த ஒரு பழைய வினையிலிருந்து வந்தது. இவற்றின் பிறப்பிலெல்லாம் ஒரு நியாயம் தெரிகிறது. ஸ்ப்ளைஸ் மட்டும் எதிரி வீட்டில் பிறந்த பிள்ளை. அதன் வேர்ப்பொருள் ‘பிள’ என்பது. ‘ஸ்ப்ளிட்’ அதற்கு உடன்பிறப்பு, ‘ஸ்ப்ளின்டர்’, அதாவது சிராய், நெருங்கிய சொந்தம்.

பிளப்பதற்கான சொல் சேர்ப்பதற்கு எப்படி வந்தது? இதற்கு விடை சொல்நூலில் பாதிதான் கிடைக்கும். மீதிக்குக் கயிற்றிடம் போக வேண்டும்.

முதலில் சொல்நூல். இந்த வினை ஆங்கிலத்துக்கு டச்சு மாலுமிகளிடமிருந்து வந்தது. இடைக்கால டச்சு மொழியில் ‘ஸ்ப்ளிஸ்ஸன்’. ஆங்கில எழுத்தில் 1520களிலிருந்து கிடைக்கிறது. ஸ்கிப்பர், டெக், யாட், ஸ்லூப் எல்லாம் அதே கடல்வழியில் டச்சிலிருந்து வந்தவை. டச்சுக்காரர்கள் நமக்கும் அந்நியர்கள் இல்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்து வியாபாரம் பண்ணியவர்கள். ‘துட்டு’ அவர்களுடைய காசின் பெயர். இலங்கையில் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். ‘கக்கூஸ்’ எங்கிருந்து வந்தது என்று சபையில் விளக்க வேண்டாம், அதுவும் அங்கிருந்துதான். ஆங்கிலேயருக்கு அவர்கள் கப்பல் சொற்களைக் கொடுத்தார்கள், நமக்கு இவற்றை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துச் சான்றுகளை வைத்துப் பார்த்தால், பிளப்பதற்கான ‘ஸ்ப்ளிட்’ ஆங்கிலத்தில் தெரியவருவது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். சேர்ப்பதற்கான ஸ்ப்ளைஸ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது. ஸ்ப்ளிட்டும் தொடக்கத்தில் கப்பல் சொல்தான். பாறையில் மோதிக் கப்பல் பிளப்பதைக் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தின் முதல் காட்சியில், புயலில் சிக்கிய கப்பலிலிருந்து எழும் கூக்குரலில் வருவது இந்த வினைதான்.

ஜெர்மன் மொழியில் ‘ஷ்ப்ளைஸன்’ என்ற வினை கயிற்றை இணைப்பதையும் குறிக்கும், பிளப்பதையும் குறிக்கும். அங்கே ஷாம்பு விளம்பரங்களில் ‘ஷ்ப்ளிஸ்’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். நுனி வெடித்த முடிக்கு அதுதான் பெயர். ஒரே வேர், கயிற்றில் சேர்க்கிறது, கூந்தலில் பிரிக்கிறது.

ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்ற வினையும் பிளப்பது, ஒட்டிக்கொள்வது என்று இரண்டு எதிர்ப்பொருள் தரும். பலர் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு தனித்தனி வினைகள். காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. அது தற்செயல். ஸ்ப்ளைஸில் நடந்தது தற்செயல் இல்லை, தொழில் நுணுக்கம்.

இனி கயிற்றுக்கு வருகிறேன். மூன்று புரிக் கயிறு இரண்டு துண்டு கொண்டுவந்திருக்கிறேன். விரல் பருமன், தேங்காய் நார். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? முடிச்சுப் போடுவோம். முடிச்சு சீக்கிரம் விழும், ஆனால் அதில் ஒரு கோளாறு. முடிச்சுக்குள் கயிறு திடீரென்று மடங்குகிறது. மடங்கிய இடத்தில் வெளிப்பக்க நார்கள் மட்டும் இழுவை முழுவதையும் தாங்குகின்றன, உட்பக்க நார்கள் சும்மா இருக்கின்றன. அதனால் கயிற்றின் வலு, முடிச்சைப் பொறுத்து, பாதி அளவுக்குக்கூடக் குறைந்துவிடும். பாரம் ஏறினால் பெரும்பாலும் முடிச்சின் வாயில்தான் அறும்.

மாலுமி வேறு மாதிரி செய்வான். பாருங்கள், முதலில் இரண்டு கயிற்றின் நுனியையும் பிரிக்கிறேன். முறுக்கை அவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் மூன்று புரி தனித்தனியாக வந்துவிட்டது. நல்ல கயிற்றின் தலையை இப்படிக் கலைப்பதைப் பார்த்தால் விவரம் தெரியாதவர் கெடுக்கிறான் என்றுதான் நினைப்பார். இப்போது இரண்டு தலைகளையும் எதிரெதிரே வைத்து, இதன் இரண்டு புரிகளுக்கு நடுவே அதன் ஒரு புரி வருகிற மாதிரி, இரண்டு கை விரல்களைக் கோப்பதுபோல, கோத்துவிடுகிறேன். இந்த நிலைக்கு ஆங்கில மாலுமிகள் வைத்த பெயர் ‘மேரி’. கயிறுகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

குடும்பம் நடத்துவது இனிமேல்தான். இந்தக் கயிற்றின் ஒரு புரியை எடுத்து, அந்தக் கயிற்றில் பக்கத்துப் புரிக்கு மேலே கொண்டுபோய், அடுத்த புரிக்குக் கீழே நுழைக்க வேண்டும். முறுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நுழைக்க வேண்டும். கயிறு இறுக்கமாக இருப்பதால் விரல் போகாது. அதற்காக இந்தக் கூர்முனை மரக்கட்டை. ‘ஃபிட்’ என்பார்கள். இரும்பில் இருந்தால் ‘மார்லின்ஸ்பைக்’. இப்படி மூன்று புரியையும் ஒரு சுற்று, பிறகு இரண்டாவது சுற்று, மூன்றாவது. அப்புறம் கயிற்றைத் திருப்பி, மறுபக்கத்துப் புரிகளுக்கும் இதே வேலை. நார்க்கயிற்றுக்கு மூன்று சுற்று போதும். நைலான் வழுக்கும், ஐந்துக்குக் குறைந்தால் நம்ப முடியாது.

எந்தப் புரியும் எங்கும் கட்டப்படவில்லை. பசை இல்லை, ஆணி இல்லை. உராய்வு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். நன்றாகச் செய்த ஸ்ப்ளைஸ் கயிற்றின் வலுவில் பெரும்பகுதியை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். சொல்லின் வேரில் ஏன் பிளப்பது இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். நுனியைப் பிரிக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. டச்சு மாலுமி வேலையின் முதல் அசைவுக்குப் பெயர் வைத்தான், அதுவே முழு வேலைக்கும் பெயராக நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லை வாங்கி, முன்னால் இருந்த மெய்களைத் தேய்த்து ‘எபிஸ்ஸே’ ஆக்கிக்கொண்டார்கள்.

இப்போது நான் செய்தது குட்டை ஸ்ப்ளைஸ். சேர்ந்த இடம் கொஞ்சம் தடித்துவிட்டது, பார்க்கிறீர்கள். இது கப்பியில் ஓடாது. ஓட வேண்டிய கயிற்றுக்கு நெட்டை ஸ்ப்ளைஸ் என்று வேறு முறை உண்டு. அதில் புரிகளை நீளமாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் முடிப்பார்கள், பருமன் கூடாது. இங்கே செய்துகாட்டினால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

பாய்மரக் கப்பல் என்பது பாதிக்கு மேல் கயிறுதான். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலுக்கு 25 மைலுக்கு மேல் கயிறு வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் சாதம் துறைமுகத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கயிற்றுக்கூடம் இன்றும் இருக்கிறது. நீளம் 1,100 அடிக்கு மேல். இழைகளை முழு நீளத்துக்கு நீட்டிவைத்துத்தான் முறுக்க முடியும், முறுக்கும்போது நீளம் குறைந்துவிடும். அதனால் கயிற்றைவிடக் கட்டடம் நீளமாக இருந்தாக வேண்டும். இன்றும் அங்கே கயிறு திரிக்கிறார்கள், நம் அரசியல் மேடை அர்த்தத்தில் சொல்லவில்லை. கடற்படைக் கயிற்றை யாரும் களவாடி விற்காதபடி உள்ளே ஒரு நிற இழையை வைத்து முறுக்குவார்கள். அதற்குப் பெயரே ‘திருடன் இழை’.

அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தோடு பெயர்பெற்ற கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் ‘எ ஸீ கிராமர்’ என்ற நூலை வெளியிட்டார். கப்பல் தொழிலுக்கு எழுதிய இலக்கணம். அவர் காலத்திலேயே இந்தச் சொல்லுக்குத் துறைக்குள் உறுதியான இடம் இருந்தது. பிறகு அது துறைமுகத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் கல்யாணம் பண்ணிக்கொள்வதையே ஸ்ப்ளைஸ் ஆவது என்று கேலியாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முடிச்சு என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு அது மட்டமாகப் பட்டிருக்கும், முடிச்சின் வலு என்ன என்று தெரிந்தவர்கள் அல்லவா?

இன்னொரு வழக்கு சாராயத்தோடு சேர்ந்தது. கப்பலின் நடுப்பாயைத் திருப்பும் கனமான கயிறு மெயின்பிரேஸ். சண்டையில் அது அறுந்தால் கப்பலைத் திருப்ப முடியாது. குண்டு பறக்கும்போதே அதை ஸ்ப்ளைஸ் பண்ண வேண்டும், செய்து முடித்தவர்களுக்கு இன்னொரு குவளை ரம். நாளடைவில் கயிறு மறைந்து ரம் மட்டும் நின்றது. ‘மெயின்பிரேஸை ஸ்ப்ளைஸ் பண்ணுங்கள்’ என்றால் எல்லாருக்கும் குடிக்க ஊற்றுங்கள் என்று உத்தரவு. பிரிட்டிஷ் கடற்படை தினசரி ரம் படியை 1970 ஜூலை 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இந்த உத்தரவு மட்டும் உயிரோடு இருக்கிறது. 2012இல், அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்தபோது, எலிசபெத் ராணி அதைப் பிறப்பித்தார்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒற்றை மரத்தில் செதுக்கிய மட்டையில் பந்தின் அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும். பிரம்புக் கைப்பிடியைக் கூர்வாக்கி, வில்லோ பலகையில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் பிளந்த வாயில் செருகும் இன்றைய முறை 1880களில் வந்தது. அந்தப் பெருமையைச் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற பொறியாளருக்குத் தருகிறார்கள். செவர்ன் ஆற்றுக்குக் கீழே ரயில் சுரங்கம் வெட்டியதில் முதல் தலைமைப் பொறியாளர். மட்டையின் ஸ்ப்ளைஸிலும் பிளந்த பிறகுதான் சேர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல் திரைப்படத்துக்குப் போனது. படச்சுருளை வெட்டி, ஓரத்தில் மேல்பூச்சைச் சுரண்டி, சிமென்டைத் தடவி, இரண்டு நுனியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்துவார்கள். சிமென்ட் என்பது பசை இல்லை. அது பிலிமையே கரைக்கும், கரைந்த இரண்டு பரப்பும் ஒன்றாகிவிடும். ஒவ்வோர் ஒட்டிலும் ஓரிரு கட்டம் போய்விடும். டூரிங் டாக்கீஸில் பலமுறை ஓடிய பிரதியில் கதாநாயகன் வாயைத் திறப்பதற்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு குதி இருக்குமே, அது ஆபரேட்டர்களின் ஸ்ப்ளைஸ்கள் தின்ற இடம். ஃபெல்லினியின் படத்தொகுப்பாளர் லியோ கட்டோஸோ, சுரண்டாமல் ஒட்டுநாடாவால் சேர்க்கும் ஒரு சிறிய கருவியைச் செய்தார். அதனால் வெட்டியதை மறுபடி பிரித்துப் பார்க்கும் வசதி எடிட்டருக்குக் கிடைத்தது.

கேபிள் தம்பியின் கதையும் இப்படித்தான். கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரோமீட்டர், தலைமுடி அளவு. ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில். முதலில் இழையின் நுனியைக் கண்ணாடிபோல் வழுவழுவென்று வெட்ட வேண்டும். அந்தக் கருவிக்குப் பெயர் ‘கிளீவர்’, நாம் முன்பு பார்த்த கிளீவ்தான், பிளக்கிற கிளீவ். பிறகு இயந்திரம் இரண்டு நுனியையும் நேர்ப்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒன்றாக்கும். வெட்டு கோணலாக இருந்தால் அப்புறம் எவ்வளவு உருக்கினாலும் ஒளி கசியும். தெருவோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது சோம்பலால் இல்லை.

இந்தச் சொல்லின் மிகப் பெரிய பயணம் 1977இல் நடந்தது. ஜலதோஷம் தரும் அடினோ வைரஸின் மரபணுவை எம்.ஐ.டி.யில் ஃபிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும் தனித்தனியாக ஆராய்ந்தன. வைரஸின் டி.என்.ஏ.வையும் அதிலிருந்து வந்த தூது ஆர்.என்.ஏ.வையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நேராகப் படிய வேண்டிய டி.என்.ஏ. அங்கங்கே கண்ணிகளாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணிகளுக்கு ஜோடி ஆர்.என்.ஏ.வில் இல்லை. அதாவது மரபணு தொடர்ச்சியான வாசகமாக இல்லை. தேவையான பகுதிகளுக்கு நடுவே தேவையற்ற பகுதிகள் கிடக்கின்றன. செல் முதலில் எல்லாவற்றையும் படியெடுக்கிறது, பிறகு நடுத்துண்டுகளை வெட்டியெறிந்து மீதியை இணைக்கிறது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஸ்ப்ளைசிங். மறு ஆண்டே வால்டர் கில்பர்ட், வெட்டியெறியும் பகுதிக்கு இன்ட்ரான், தங்கும் பகுதிக்கு எக்ஸான் என்று பெயர் வைத்தார்.

எவ்வளவு வெட்டுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. நம் தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சம் எழுத்துக்கு மேல் நீளம். வெட்டி ஒட்டி முடிந்த தூதில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்து. அவை 79 எக்ஸான்களில் சிதறிக்கிடந்தவை. ஓர் எழுத்து தவறாமல் சேர வேண்டும்.

1993இல் ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் நோபல் பரிசு வந்தது. பரிசுக் குறிப்பில் ஸ்ப்ளைஸ் என்ற சொல் இல்லை. ‘ஸ்ப்ளிட்’ மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக என்று எழுதினார்கள். பிளந்த மரபணு என்று பரிசு, இணைக்கும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். டச்சுத் துறைமுகத்தில் பிரிந்த அண்ணன் தம்பி ஸ்டாக்ஹோமில் சந்தித்துக்கொண்டார்கள்.

இந்த ஒட்டு பிசகினால் என்ன ஆகும்? ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னரின் மகன் அலெக்ஸி, விக்டோரியா ராணியின் கொள்ளுப்பேரன். லேசான அடிக்கே உள்ளுக்குள் ரத்தம் கசிந்து துடிப்பான். அவன் தாயின் தவிப்புதான் ரஸ்புடின் என்ற சாமியாரை அரண்மனைக்குள் கொண்டுவந்தது. குடும்பத்தையே 1918இல் சுட்டுக் கொன்றார்கள். 2009இல் எவ்கேனி ரோகயேவின் குழு எலும்புகளில் எஞ்சிய டி.என்.ஏ.வைப் படித்து நோயின் காரணத்தைச் சொன்னது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒன்பதாம் காரணியின் மரபணுவில், ஓர் எக்ஸான் தொடங்குவதற்கு மூன்று எழுத்து முன்னால், ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’. அவ்வளவுதான். செல் தவறான இடத்தில் வெட்டித் தவறான இடத்தில் சேர்த்தது.

பிசகிய ஒட்டைச் சரிசெய்யவும் இப்போது முடிகிறது. ராபர்ட்ஸ் இருந்த அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஏட்ரியன் க்ரைனரின் ஆய்வில் உருவானது நுசினெர்சென். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்குக் குழந்தைகளுக்குத் தருகிற மருந்து. எஸ்.எம்.என்.2 மரபணுவில் செல் தாண்டிப்போகும் ஏழாவது எக்ஸானை விட்டுவிடாமல் சேர்க்கவைக்கிறது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஊரே சேர்ந்து நிதி திரட்டும் ‘16 கோடி ரூபாய் ஊசி’ என்று செய்தித்தாளில் படிப்பீர்களே, அது இதே நோய்க்கான வேறு மருந்து. அது மரபணுவையே புதிதாகக் கொடுக்கிறது.

கடைசியாக நம் நாட்டு விஷயம் ஒன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் குழந்தைகள் அளவுக்குக் கடும் பீட்டா தலசீமியாவோடு பிறக்கின்றன. வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இங்கே இந்நோய்க்கு மிக அதிகமாகக் காணப்படும் மரபணுப் பிழை ஒரு ஸ்ப்ளைஸ் பிழைதான். பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில், ஐந்தாவது எழுத்து ‘ஜி’க்குப் பதில் ‘சி’. ஒருவரிடம் இந்தப் பிழை ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் அவருக்கு நோய் வராது, இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

இப்படி நோய் வராமல் பிழையைச் சுமப்பவரைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கும் சோதனை போதும். 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். மாலுமிகளின் பாஷையில் ஸ்ப்ளைஸ் ஆகப்போகிற வயதில் இந்த அரங்கில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜாதகம் பார்ப்பவர்கள் பாருங்கள், விட்டவர்கள் விடுங்கள். இந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இரண்டு பேரும் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.